இழுப்பு உள்ள பிள்ளைக்குப் பர்சியன் குட்டி வாங்கலாமா?

நானுஓயாவில் ஒரு வீட்டின் முன்னறை. கார்ட்போர்ட் பெட்டிக்குள் மூன்று பர்சியன் குட்டிகள். என் அக்கா மகள் சாம்பல் நிறக் குட்டியைத் தூக்கி ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டாள். அது அவள் கழுத்தடியில் முகத்தைப் புதைத்து, பால் குடிக்கிற நினைப்பில் கம்பளி நூலை முன்னங்கால்களால் பிசைந்தது. நடுநடுவே அந்த நூலை நக்கியது. அவளுக்குப் பதினான்கு வயது. சின்னதிலிருந்தே இழுப்பு, அதாவது ஆஸ்துமா. லயத்துப் பூனை ஒன்று மடியில் ஏறினாலே கண் சிவந்து தும்மல் தொடங்கிவிடும். அன்று முக்கால் மணி நேரம் குட்டியோடு இருந்தும் ஒரு தும்மல்கூட இல்லை.

"பாத்தீங்களா மாமா, ஒண்ணுமே செய்யல. ஜாதிப் பூனைன்னா அலர்ஜி வராதாம்."

குட்டிகளை வைத்திருந்தவரும் அதையேதான் சொன்னார். யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டோம். இரவு பத்தரைக்கு, தலவாக்கலையில், அவளுக்கு நெஞ்சு இறுகியது. பம்ப் அடித்து, தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே விடியும்வரை தூங்கினாள். பக்கத்தில் இருந்த எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஏழெட்டு மணி நேரத்தில் அவள் உடம்புக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், குட்டிக்குப் பணம் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் முடி விஷயம். "பூனை மயிர் ஆகாது" என்று நம் ஆட்கள் காலங்காலமாகச் சொல்கிறார்கள். அதனால்தான் முடி கொட்டாத பூனை, முடி குறைந்த பூனை என்று தேடுகிறோம். உண்மையில் உடம்பு எதிர்ப்பது முடியை அல்ல, ஒரு புரதத்தை. அதன் பெயர் ஃபெல் டி 1. பூனைக்கு முன்பு வழங்கிய விஞ்ஞானப் பெயரான ஃபெலிஸ் டொமெஸ்டிகஸ் என்பதைச் சுருக்கி வைத்த பெயர் அது. பூனையிலிருந்து வரும் ஒவ்வாமைப் புரதங்களில் எட்டு வரை பட்டியலிட்டிருக்கிறார்கள். ஆனால் பூனை ஒத்துக்கொள்ளாதவர்களில் 100இல் 90 பேருக்கு மேல் இந்த முதலாம் புரதத்துக்கே எதிர்வினை காட்டுகிறார்கள்.

இந்தப் புரதத்தைச் சுரப்பவை தோலில் உள்ள நெய்ச்சுரப்பிகள், உமிழ்நீர்ச் சுரப்பிகள், மலவாய்ப் பக்கத்துச் சுரப்பிகள். பூனை ஒரு நாளில் எத்தனை தடவை தன்னை நக்கிச் சுத்தம் செய்கிறது என்று கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு நக்கலிலும் எச்சிலில் உள்ள புரதம் முடியில் பூசப்படுகிறது. எச்சில் காய்ந்ததும் அது தோல் பொடுகோடு சேர்ந்து நுண்ணிய தூளாக உதிர்கிறது. முடி அதைச் சுமந்து செல்லும் வண்டி, அவ்வளவுதான். வண்டியே இல்லாத ஸ்ஃபிங்ஸ் என்ற முடியில்லாப் பூனையிலும் இதே புரதம் தோலின் எண்ணெய்ப் பிசுபிசுப்பில் படிந்திருக்கும்.

அந்தத் தூளின் அளவுதான் மனிதரைப் படுத்துகிறது. நம் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். பூனைப் புரதத்தைச் சுமக்கும் துகள்களில் கணிசமானவை 5 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. மெத்தையில் வாழும் தூசிப்பூச்சியின் ஒவ்வாமைப் பொருள் இதைவிடப் பெரிய துகள்களில் இருப்பதால், மெத்தையை உதறும்போது எழுந்து சிறிது நேரத்தில் கீழே படிந்துவிடும். பூனைத் தூளோ மணிக்கணக்காக காற்றில் மிதக்கும். பூனை இல்லாத அறைக்குள் நுழைந்தும் சிலருக்கு மூக்கு அரிப்பது இதனால்தான். மூக்கில் வடிபடாமல் மூச்சுக்குழாயின் ஆழத்துக்கே போகும் அளவு அது சிறியது. துணியில் ஒட்டிக்கொண்டு பஸ் ஏறும், பள்ளிக்கூடம் போகும். பூனையே வளர்க்காத வீடுகளிலும் வகுப்பறைகளிலும் அதை அளந்து கண்டிருக்கிறார்கள்.

சரி, புரதம் உள்ளே போகிறது. எல்லோருக்கும்தான் போகிறது. அப்புறம் ஏன் சிலருக்கு மட்டும் இழுப்பு?

அவர்களின் நிர்ப்பீடனத் தொகுதி, அதாவது உடம்பின் நோயெதிர்ப்புப் படை, தீங்கில்லாத இந்தப் புரதத்தைக் குடற்புழுவைப் போன்ற எதிரி என்று தவறாகக் கணித்துவிடுகிறது. அதைப் பிடிப்பதற்கென்று ஐ.ஜி.ஈ என்ற வகைப் பிறபொருளெதிரியை, அதாவது ஓர் எதிர்ப்புப் புரதத்தை, செய்கிறது. 1960களில் அமெரிக்காவில் வேலை செய்த ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே இஷிசாகா, டெருகோ இஷிசாகா இருவரும், சுவீடனில் யொஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தது இது. மூக்கு, கண், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் சுவர்களில் மாஸ்ட் கலங்கள் என்று காவற்காரர்கள் போல இருக்கின்றன. ஐ.ஜி.ஈ அவற்றின் மேல் போய்க் குத்திட்டு நிற்கும். அடுத்த முறை பூனைப் புரதம் வந்து இரண்டு ஐ.ஜி.ஈக்களைச் சேர்த்துப் பிடித்தால் போதும், அந்தக் கலம் தன்னிடமுள்ள ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தை அப்படியே கொட்டிவிடும். நிமிடக் கணக்கில் தும்மல், கண்ணீர், அரிப்பு வந்துவிடும்.

இது முதல் அலை. பலர் இதை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமினோடு நிறுத்துவதில்லை, வேறு இரசாயனங்களை விட்டு இரத்தத்தின் மற்ற வெண்குருதிக் கலங்களையும் அந்த இடத்துக்கு அழைக்கின்றன. அவை வந்து கூடி, மூச்சுக்குழாயின் உட்சுவரை வீங்கச் செய்வதற்கு நான்கிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். பகலில் பூனையைத் தொட்டவர் இரவில் மூச்சுக்குத் திணறுவது இந்த இரண்டாம் அலையில்.

அக்கா மகளுக்கு முதல் அலை ஏன் வரவில்லை என்பது மறுநாள் காலை தெரிந்தது. பஸ்ஸில் தும்மக்கூடாதே என்று அக்கா அன்று விடியற்காலையில் அவளுக்கு ஒரு செட்டிரிசின் கொடுத்திருக்கிறார். அந்தக் குளிசை ஹிஸ்டமினின் வேலையை ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கத் தடுக்கும். தும்மலை அது அடக்கிவிட்டது. இரண்டாம் அலையை அதனால் அடக்க முடியாது. போதாததற்கு, குட்டி நக்கிப் பிசைந்த அதே ஸ்வெட்டரோடுதான் அவள் படுத்தாள். குளிருக்கு ஜன்னல் சாத்தியிருந்தது. நெஞ்சோடு ஒட்டிய கம்பளியிலிருந்து இரவெல்லாம் மூச்சுக்குள் தூள் போய்க்கொண்டிருந்தது.

இனி ஜாதி விஷயம். ஒவ்வாமை தராத பூனை ஜாதி என்று ஒன்று கிடையாது. சைபீரியன், பாலினீஸ், ஸ்ஃபிங்ஸ், டெவன் ரெக்ஸ் என்று சில பெயர்களை இணையத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒரு ஜாதிக்கும் இன்னொரு ஜாதிக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே ஜாதிக்குள் பூனைக்குப் பூனை உள்ள வித்தியாசம் பெரியது. அதனால் ஒரு சைபீரியன் ஒருவருக்கு ஒத்துப்போகலாம், அதன் கூடப்பிறந்தது ஒத்துப்போகாமல் இருக்கலாம். இலங்கையில் ஜாதிப் பூனை என்று விற்பது பெரும்பாலும் பர்சியனும் அதன் கலப்பும்தான். பர்சியனுக்கு இந்தப் பட்டியல்களில்கூட இடமில்லை. நீண்ட அடர்ந்த முடி அதற்கு. தட்டையான முகத்தால் அதற்கே மூச்சுச் சிரமம் இருப்பதும் உண்டு, சிறுநீரகத்தில் நீர்க்கட்டி உண்டாக்கும் பரம்பரை நோயும் அந்த ஜாதியில் அதிகம். அழகான பிராணி என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் "அலர்ஜி வராது" என்பதற்காக யாரும் அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கக் கூடாது.

பூனைக் குடும்பம் முழுக்கவே இந்தப் புரதத்தின் சாயல் இருக்கிறது. பூனை ஒத்துக்கொள்ளாதவர்கள் சிங்கம், புலி, ஜாகுவார், பனிச்சிறுத்தை போன்றவற்றின் பொடுகுக்கும் எதிர்வினை காட்டுவதை 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவு செய்தது. நம் தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாடுகிறது. அது மடியில் வந்து உட்காராதவரை கவலையில்லை. பெரிய சிங்கத்துக்கே இல்லாத விதிவிலக்கு ஒரு பர்சியன் குட்டிக்கு இருக்கும் என்று நம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜாதியைவிட முக்கியமானது ஆணா பெண்ணா, வளர்ந்ததா குட்டியா என்பது. தோலின் நெய்ச்சுரப்பிகளை ஆண் ஹோர்மோன் தூண்டுகிறது. அதனால் நலமடிக்காத கடுவன் பூனைதான் அதிகப் புரதம் விடும். நலமடித்தால் அது நன்றாகக் குறையும். குட்டியோ உடம்பால் சிறியது, இன்னும் வயதுக்கு வராதது. இரண்டு மாதக் குட்டியை மடியில் வைத்துப் பார்த்து ஒத்துக்கொண்டது என்று நினைத்தால், சில மாதங்களில் அதே வீட்டில் வயதுக்கு வந்த ஒரு கடுவன் நிற்கும். குட்டியைப் பார்க்கப் போகிறவர்கள் அதன் தாயோடும், முடிந்தால் தகப்பனோடும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நானுஓயாவில் நாங்கள் தாயைப் பார்க்கவே கேட்கவில்லை.

வெளிநாட்டு அறிவுரைகள் மலையக வீட்டுக்கு அப்படியே பொருந்தாத இடம் ஒன்று உண்டு, அது காற்று. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம், சராசரி வெப்பநிலை 16 பாகை. மாலை ஐந்து மணிக்கே ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி சொருகிவிடுகிறோம். கொழும்பில் நாள் முழுக்கத் திறந்திருக்கும் ஜன்னல் வழியாக வெளியேறும் தூள், இங்கே அறைக்குள்ளேயே சுற்றும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பிராவில் அது இன்னும் அடர்த்தி. அதோடு கம்பளி. பஞ்சுத் துணியைவிடக் கம்பளி அதிகத் தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடுத்தும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விடும். வெயில் அடித்தால் போர்வையைக் கொடியில் போடுவது நம் வழக்கம். இந்தப் புரதம் சூட்டை நன்றாகத் தாங்கக்கூடியது, அதனால் வெயில் மட்டும் போதாது. தண்ணீரில் அது கரையும், ஆகவே துவைக்க வேண்டும். மழை மாதங்களில் கம்பளி துவைத்துக் காயவைப்பது எவ்வளவு பாடு என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். மழைக்காலத்துச் சுவர்ப் பூஞ்சணமும் குசினி விறகுப் புகையும் ஏற்கெனவே மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி வைத்திருக்கும் வீட்டில், பூனைத் தூள் அதன் மேல் வந்து விழுகிறது.

பூனையைக் குளிப்பாட்டினால் என்ன என்று கேட்பார்கள். குளிப்பாட்டினால் குறைகிறது. ஆனால் ஒரு வாரத்துக்குள் பழையபடி ஏறிவிடுகிறது என்று 1997இல் செய்த பரிசோதனைகள் காட்டின. இந்தக் குளிரில் வாரம் இரண்டு தடவை ஒரு குட்டியை நனைப்பது அதற்குச் செய்யும் பாவம். 2020இல் ஒரு புது வகை உணவு சந்தைக்கு வந்தது. கோழிகள் பூனைப் புரதத்துக்கு எதிராகத் தங்கள் முட்டையில் பிறபொருளெதிரி வைக்கும், அந்த முட்டைத் தூளைப் பூனை உணவில் கலப்பார்கள். பூனை மெல்லும்போது அது எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும். மூன்றாம் வாரத்திலிருந்து பூனை முடியில் சராசரியாக 47 வீதம் குறைவதாக அதைத் தயாரித்த நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. நல்ல யோசனைதான், மிச்சப் பாதி அப்படியே இருக்கிறது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். 2022இல் பூனைக் கலங்களில் இந்தப் புரதத்துக்கான பரம்பரையலகையே கிரிஸ்பர் முறையால் வெட்டிப் பார்த்தார்கள். அது ஆய்வுகூடத் தட்டில் நடந்தது, அப்படி ஒரு குட்டி விற்பனைக்கு வரவில்லை.

வேலை செய்வது சாதாரண விஷயங்கள்தான். படுக்கையறைக்குள் பூனை ஒருநாளும் வரக்கூடாது. பூனையைத் தொட்ட உடுப்போடு படுக்கக்கூடாது. சீவுவது, மணல் தட்டை மாற்றுவது எல்லாம் ஒவ்வாமை இல்லாதவர், வெளியே இஸ்தோப்பில் வைத்து. நண்பகல் இளஞ்சூட்டில் ஒரு மணி நேரமாவது எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்க வேண்டும். சிலருக்குச் சொந்தப் பூனை நாளடைவில் பழகிவிடுவதும் உண்டு, ஆனால் பல்கலைக்கழக விடுதியில் சில மாதம் இருந்துவிட்டுத் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்ததும் தும்மல் திரும்பிவிடும். பழகும் என்று நம்பிக் குட்டி வாங்குவது பிள்ளையின் நுரையீரலைப் பணயம் வைப்பது. ஒத்துவராமல் பூனையைக் கொடுத்துவிட்டாலும் வீட்டிலுள்ள தூள் பூனையில்லா வீட்டின் அளவுக்கு இறங்க நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும் என்பதும் அளந்து கண்ட உண்மை.

கிளினிக்கில் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னோம். இழுப்பு கட்டுக்குள் வரும்வரை எந்தப் பூனையையும் தொட்டுப் பார்க்க வேண்டாம் என்றார். தினமும் எடுக்க வேண்டிய பம்பை அவள் விட்டுவிட்டு எடுத்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் வெளியே வந்தது. மூன்று மாதம் ஒழுங்காக எடுத்தாள். பிறகு அவரைக் கேட்டே பண்டாரவளையில் தெரிந்த ஒரு வீட்டுக்குப் போனோம். அவர்கள் வெளிநாடு போகிறார்கள், நான்கு வயதுப் பெண் பூனை, பர்சியன் கலப்பு, கருத்தடை செய்தது. வளர்ந்த பூனை என்பதால் இன்று பார்ப்பதுதான் நாளைக்கும்.

முதல் முறை அரை மணி நேரம், செட்டிரிசின் எதுவும் போடாமல், பம்ப் கையில். அன்று கொஞ்சம் மூக்கு அரிப்பு, இரவு ஒன்றுமில்லை. இரண்டு வாரம் கழித்து இரண்டு மணி நேரம், அதே மாதிரி. அந்தப் பூனை படுத்த தலையணை உறையை பையில் கட்டிக் கொண்டுவந்து அவள் அறையில் மூன்று இரவு வைத்தோம். மூன்றாம் இரவு ஒரு தடவை இருமினாள். பம்ப் தேவைப்படவில்லை. வருகிற விடுமுறையில் அங்கே ஒரு இரவு தங்கிப் பார்க்க வேண்டும், ஜன்னலைச் சாத்திவிட்டு.