மொய்னாக்கில் கால் நனைக்க முடியாது

போன ஜூன் மாதம், உஸ்பெகிஸ்தானில் ஆரல் கடல் வற்றிப்போன மொய்னாக் என்ற ஊரில் ஒருவரைத் தேடி நாற்பது நிமிடம் அலைந்தோம். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, வயது அறுபத்து நான்கு. துருப்பிடித்த கப்பல்களுக்குப் பக்கத்தில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், "கடல் அதோ தெரியுது பாரு, கால் நனைச்சுட்டு வந்துடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்திருக்கிறார். வேனில் தலை எண்ணும்போதுதான் ஒன்று குறைந்தது.

எங்கள் டிரைவர் உள்ளூர்க்காரர். ஜீப் தடத்திலேயே வண்டியை விட்டு, இரண்டு கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு சக்சவுல் புதரின் அரைகுறை நிழலில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார் மனிதர். கெண்டைக்காலில் கோலமாவைத் தூவியதுபோல உப்பு. கையில் தண்ணீர் பாட்டில் இல்லை. டிரைவர் தூரத்திலிருந்தே "மோர்யா நியெத்! மோர்யா நியெத்!" என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். ரஷ்ய மொழியில் 'கடல் இல்லை' என்று அர்த்தம். நம் ஆளுக்கு அது மோர் என்று காதில் விழுந்து, "இருந்தா ஒரு டம்ளர் கொடுப்பா" என்று கை நீட்டியிருக்கிறார். இப்போது அவரே இதைச் சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்கு உதடு வெளுத்து, நாக்கு உலர்ந்து கிடந்தவரை ஏ.சி.யில் உட்கார வைத்து, ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தபோது வேனில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

என் கணக்கில் இப்படிக் கடலைத் தேடி நடந்துபோன மூன்றாவது ஆள் அவர். நான் மத்திய ஆசியாவுக்குக் குழுக்களை அழைத்துப் போகும் டூர் மேனேஜர். சமர்கண்டிலும் புகாராவிலும் உர்கெஞ்சிலும் நம் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். படிக்கப் போன பிறகு, பார்க்க வரும் பெற்றோர் கீவா என்ற பழைய நகரம் வரைக்கும் வந்துவிட்டு, "அப்படியே அந்த வத்திப்போன கடலையும் ஒரு நாளில் பார்த்துடலாமே" என்கிறார்கள். பார்க்கலாம். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். விமானம் ஏறும் முன்பும் சொல்கிறேன், வேனிலும் சொல்கிறேன், இறங்கியதும் முதல் கேள்வி: "சார், கடல் எங்கே?"

சரி, இன்னொரு தடவை நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆரல் கடல் என்ற பெயரில் இன்றைக்கு மூன்று வேறு இடங்கள் இருக்கின்றன. மூன்றின் படங்களும் இணையத்தில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. முதலாவது, கஜகஸ்தான் பக்கம் உள்ள வடக்கு ஆரல். 2005-ல் அங்கே கோக்-ஆரல் அணையைக் கட்டி முடித்தார்கள். சிர் தாரியா ஆறு கொண்டுவரும் தண்ணீர் தெற்கே ஓடி வீணாகாமல் நின்றது. மட்டம் ஏறியது, உப்பு குறைந்தது, மீன் திரும்பியது. "கடல் திரும்பி வந்துவிட்டதாமே" என்று நீங்கள் படித்தது அந்தக் கடலைப் பற்றி. அதற்குப் போக ஆரால்ஸ்க் என்ற ஊருக்குப் போக வேண்டும். நாடே வேறு, விசா விதி வேறு, வழி வேறு.

இரண்டாவது, உஸ்பெகிஸ்தானில் உஸ்த்யுர்ட் பீடபூமியின் அடிவாரத்தில் நீளவாக்கில் மிஞ்சியிருக்கும் மேற்குப் பட்டை. கூடாரத்துக்கு முன்னால் நீலத் தண்ணீர், பின்னால் மஞ்சள் பாறை என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பும் படம் அங்கே எடுத்தது. அங்கே மீன் கிடையாது; அந்த உப்பில் பிழைப்பது ஆர்ட்டீமியா என்ற சின்ன உப்பு இறால்தான்.

மூன்றாவதுதான் மொய்னாக். அங்கே துறைமுகம் இருந்தது, மீன்பிடிப் படகுகள் இருந்தன, மீனை டப்பாவில் அடைக்கும் ஆலை இருந்தது. கடல் மட்டும் இப்போது இல்லை. மேட்டில் நினைவுச்சின்னம், படியில் இறங்கினால் பத்து கப்பல் வரிசையாக நிற்கும். அதுவும் அவை கரை தட்டிய இடத்திலேயே நிற்பவை அல்ல. சுற்றுவட்டாரத்தில் சிதறிக் கிடந்து, இரும்புக்கு வெட்டி விற்றது போக மிஞ்சியவற்றை இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். அங்கிருந்து தண்ணீர் ஏறக்குறைய 150 கி.மீ. தள்ளி. புரிகிற மாதிரி சொன்னால், மெரினாவில் இறங்கிக் கால் நனைக்க வேண்டுமென்றால் விழுப்புரம் வரைக்கும் போக வேண்டும். அதுவும் தார்ச் சாலை இல்லாமல்.

கப்பலின் பக்கத்தில் நின்று வடக்கே பார்த்தால் பளபளவென்று தெரிவது கானல். கண் சத்தியமாகத் தண்ணீர் என்றுதான் சொல்லும். நடக்க நடக்க அது பின்னால் நகரும். ஊரில் தார் ரோட்டில் தினமும் பார்ப்பதுதான். ஆனால் அங்கே யாரும் அதைக் கடல் என்று நினைத்து இறங்கி நடப்பதில்லை. இங்கே கப்பல் நிற்கிறதே, அதனால் மனசு நம்பிவிடுகிறது. வங்கி அதிகாரியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கப்பலைக் கண்டால் அடுத்து தண்ணீரைத் தேடுவதுதானே கண்ணின் பழக்கம்? மொய்னாக் மீனவர்களே கடல் பின்வாங்கப் பின்வாங்க, கால்வாய் வெட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே போனவர்கள்தான். ஒரு கட்டத்தில் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். மீன் தீர்ந்த பிறகும் ஆலையை மூட மனசில்லாமல், பால்டிக் கடலிலிருந்தும் பசிபிக் கரையிலிருந்தும் உறைந்த மீனை ரயிலில் கொண்டுவந்து டப்பாவில் அடைத்திருக்கிறார்கள்.

ஏன் வற்றியது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன். மழை பொய்த்ததால் இல்லை. 1960-களிலிருந்து ஆமு தாரியாவையும் சிர் தாரியாவையும் பருத்தி வயலுக்குத் திருப்பினார்கள். இலங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, 68,000 சதுர கி.மீ. அளவில் உலகத்திலேயே நான்காவது பெரிய ஏரியாக இருந்தது, 1987-ல் இரண்டாகப் பிரிந்தது. 2014-ல் தெற்கில் கிழக்குப் பகுதி முழுசாகக் காய்ந்துபோனது. மிச்சத்தை மொய்னாக் அருங்காட்சியகத்தில் பாருங்கள், நன்றாகவே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் மணல். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. "பீச் மணல்தானே" என்று குழந்தையை உட்கார வைத்து விளையாட விடுகிறார்கள். போன வருடம் ஒரு அம்மா ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அள்ளிக்கொண்டார். மீன் தொட்டியில் போடுவதற்காம். ஐயோ! அது கடற்கரை இல்லை, கடலின் அடித்தரை. தண்ணீர் போனது, உப்பு போகவில்லை. பல பத்தாண்டுகள் பருத்தி வயலில் கொட்டிய உரமும் பூச்சிக்கொல்லியும் ஆற்றோடு வந்து அங்கேதான் படிந்தது. டி.டி.டி.யும் அதில் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் அந்தப் புழுதியில் பிறந்து வளர்ந்து இருமுகிறார்கள், அது தனிக் கதை. ஒரு நாள் போய் வரும் உங்களுக்கு அதனால் பெரிய வியாதி வரும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் ஆஸ்துமா இருக்கிறவருக்குக் காற்று கிளம்பிய பத்தாவது நிமிடம் போதும். இன்ஹேலர் எங்கே என்று கேட்டால், "பெட்டியில் இருக்கு, பெட்டி கீவா ஹோட்டலில் இருக்கு" என்று பதில். இது எனக்கு ஒரு முறை நடந்தது இல்லை, நான்கு முறை.

இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். கைப்பையில்கூட இல்லை, சட்டைப்பையில். புழுதிக்குத் துப்பட்டா போதாது, என்-95 முகக்கவசம் ஆளுக்கு இரண்டு. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்குக் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ. அறைக்குத் திரும்பியதும் ஷூவை வெளியே தட்டிவிட்டு உள்ளே வாருங்கள், படுக்கையில் உட்காரும் முன் குளித்துவிடுங்கள். காற்று பலமாக வீசுகிறது, ஜீப்பில் ஏறுங்கள் என்று டிரைவர் சொன்னால், "ஒரே ஒரு போட்டோ" கிடையாது. வடக்குப் பக்கம் வானம் வெளுத்து மங்கினால் அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

(ஆந்த்ராக்ஸ் தீவைப் பற்றி வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு: சோவியத் காலத்தில் உயிரி ஆயுதம் சோதித்த வொஸ்ரொஷ்டேனியா தீவு உண்மைதான். கடல் வற்றி அது கரையோடு ஒட்டிக்கொண்டதும் உண்மை. புதைத்து வைத்த கிருமியை 2002-ல் சுத்தம் செய்தார்கள். நம் பயணம் அந்தப் பக்கமே போவதில்லை. அதற்குப் பயப்படுகிற நேரத்தில் தொப்பி எடுத்து வையுங்கள்.)

வெயிலைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம். "நாங்க பார்க்காத வெயிலா?" என்பார்கள். பார்த்திருக்கிறீர்கள், ஆனால் வியர்வையோடு பார்த்திருக்கிறீர்கள். சென்னையில் சட்டை நனைந்தால்தான் நமக்கு வெயில். அங்கே ஜூலையில் 40 டிகிரியைத் தாண்டும், தோல் மட்டும் வறண்டே இருக்கும். வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுகிறது. "வேர்க்கவே இல்லையே, நல்லாத்தான் இருக்கு" என்று வங்கி அதிகாரியும் சொன்னார், நடக்கக் கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பு. தாகம் எடுக்கிறதா என்று காத்திராதீர்கள், வேனில் நான் மணி பார்த்துச் சொல்லும்போது குடியுங்கள். பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர்கள், பயண நாளன்று என்ன செய்வது என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

இந்த இடத்தில் அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறீர்கள். எனக்குத் தெரியும், நீங்கள் சொல்லாவிட்டாலும் பாட்டில் சொல்லிவிடும். காலையில் கொடுத்தது மாலையில் மூடி திறக்காமல் திரும்பி வரும். பக்கத்துப் பெரிய ஊரான நுகுஸிலிருந்து மொய்னாக் 200 கி.மீ. வழியில் குங்கிராத்தில் நிறுத்துவோம். கழிப்பறை சுமார்தான், பொய் சொல்ல மாட்டேன். டிஷ்யூ, சோப்புக் காகிதம், ஒரு சின்ன மக் கொண்டு வாருங்கள். நடுவில் அவசரமானால் தயங்காமல் சொல்லுங்கள், புதர் மறைவில் நிறுத்தி ஆண்களை வண்டியின் அந்தப் பக்கம் அனுப்புவது என் வேலை. எத்தனையோ முறை செய்தாயிற்று. மயங்கி விழுந்தவரைத் தூக்குவதைவிட இது எனக்குச் சுலபம்.

கப்பலில் ஏறாதீர்கள். இதற்கு விளக்கம் வேண்டுமா? துரு, ஓட்டை, கிழிந்த தகடு. குங்கிராத்தில் போய் தையல் போடும் அனுபவம் தேவையில்லை. ஏறுகிறவர்களில் பாதிப் பேர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேரன் பேத்திகள் கீழே நின்று "தாத்தா, இறங்குங்க" என்று கத்துகிறார்கள். சக்சவுல் செடியையும் ஒடிக்காதீர்கள். குச்சி மாதிரி இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். அந்தப் புழுதியைப் பிடித்து வைக்க அங்குள்ளவர்கள் நட்டு வைத்தது அது.

தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரை எதுவானாலும் டாக்டர் சீட்டோடு வைத்து, சுங்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த நாட்டில் இதில் கண்டிப்பு அதிகம். அனுமதி இல்லாமல் டிரோன் கொண்டு வரவே வேண்டாம். எரிவாயு நிரப்பும் நிலையத்தில் எல்லோரும் இறங்கி வெளியே நிற்க வேண்டும், டிரைவர் மட்டும்தான் உள்ளே போவார். அங்கே அதுதான் முறை. தூக்கத்தைக் கெடுத்ததாக என்மேல் கோபப்படாதீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். ரொட்டியும் பச்சைத் தேநீரும் எங்கேயும் கிடைக்கும், மற்றபடி அங்கே சைவ சூப் என்றால் கறித்துண்டை எடுத்துவிட்ட சூப்.

கீவாவிலிருந்து ஒரே நாளில் மொய்னாக் போய்த் திரும்பலாம் என்று யாராவது விற்றால், போக மட்டும் 350 கி.மீ.க்கு மேல் என்பதை நினைவில் வையுங்கள். நுகுஸில் இரவு தங்குங்கள். சவிட்ஸ்கி அருங்காட்சியகத்துக்கு அரை நாள் கொடுங்கள். மாஸ்கோவில் மாட்ட இடம் கிடைக்காத ஓவியங்களைப் பாலைவனத்தில் கொண்டுவந்து காப்பாற்றிய மனிதரின் சேகரிப்பு. கடலைவிட அது பிடித்தது என்று சொன்னவர்கள் என் குழுக்களில் நிறைய.

கால் நனைத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு நாள் பயணம் இருக்கிறது. பீடபூமி வழியாக மேற்குக் கரை, கூடாரத்தில் ஓர் இரவு. செப்டம்பர் நல்ல மாதம். வங்கி அதிகாரியும் மனைவியும் இந்தத் தடவை அதற்குத்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அங்கே தண்ணீர் உண்டு, ஆனால் கரை களிச்சேறு. முழங்கால் வரை இழுக்கும். தனியாக இறங்காதீர்கள், வழிகாட்டி காட்டும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். உடம்பில் வெட்டுக்காயம் இருந்தால் அந்த உப்பு உயிரை எடுத்துவிடும். வெளியே வந்து ஐந்து நிமிடத்தில் தோல் வெள்ளையாக இறுகும், கூடாரத்தில் குழாய் கிடையாது. ஐந்து லிட்டர் கேன் ஒன்று தனியாக வாங்கி வையுங்கள், காலைக் கழுவ.