இன்டர்ன்ஷிப்: சட்டத்தின் கண்ணில் யார் இந்த இன்டர்ன்?

‘இன்டர்ன்’ என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘இன்டர்னுஸ்’ என்றால் உள்ளே இருப்பது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, மருத்துவமனையிலேயே தங்கித் தொழில் பழகிய இளம் மருத்துவரைக் குறித்தது. நம் ஊரில் ஹவுஸ் சர்ஜன் என்கிறோமே, அவரேதான். பிறகு வங்கி, பத்திரிகை, ஐ.டி. என்று பரவியதில் தங்குவது உதிர்ந்துபோய், பழகுவது மட்டும் மிஞ்சியது.

தமிழில் ‘உள்ளகப் பயிற்சி’ என்று எழுதுகிறார்கள். வேரைப் பார்த்துச் செய்த சொல், தவறில்லை. ஆனால் வீட்டிலிருந்தே மடிக்கணினியில் பழகுகிற மாணவிக்கு அது பொருந்துமா? எனக்குப் ‘பணிப்பயிற்சி’யே போதும். ‘தொழில் பழகுநர்’ மட்டும் கூடாது. அது அப்ரண்டிஸுக்கு உரியது. சட்டத்தில் இவர் வேறு, அவர் வேறு.

இந்தியாவில் அப்ரண்டிஸுக்கென்றே 1961ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் போட்டுப் பழகுகிறவர்தான் தொழில் பழகுநர். அவர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்ல என்கிறது 18ஆம் பிரிவு. அதற்காக அவரைக் கைவிட்டுவிடவும் இல்லை. உதவித்தொகை, வேலை நேரம், பாதுகாப்பு, வேலையில் அடிபட்டால் இழப்பீடு எல்லாம் அதே சட்டத்தில் உண்டு.

கல்லூரியிலிருந்து ஒரு மாதம் வந்துபோகிற இன்டர்னுக்கு இப்படி ஒரு சட்டம் கிடையாது. கையில் இருப்பதெல்லாம் துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதமும் நிறுவனத்தின் பதில் கடிதமும்தான். பதில் கடிதத்தில் ‘இது வேலை நியமனம் அல்ல’ என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதோடு கதை முடிந்தது என்று நிறுவனங்கள் நினைக்கின்றன. முடியவில்லை.

1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் அப்ரண்டிஸையும் சேர்த்திருந்தது. பழைய தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்து எழுதிய புதிய சட்டங்களான 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்பும் 2020ஆம் ஆண்டு தொழிலுறவுத் தொகுப்பும் அவரை வெளியே எடுத்துவிட்டன. ஆனால் எடுத்தது 1961 சட்டப்படி பழகுகிறவரை மட்டுமே. அந்த ஒப்பந்தம் இல்லாத இன்டர்னைப் பற்றி அந்த விலக்கு வாய் திறக்கவில்லை. ஆகவே தகராறு வந்தால் கேள்வி, அவர் என்ன வேலை பார்த்தார் என்பதற்குத் திரும்பிவிடும். கற்றுத்தர ஒருவரும் இல்லாமல், ஆள் குறைந்த ஷிஃப்டில் மெஷின் முன் நிறுத்தி, மற்றவர்களைப் போலவே இலக்கும் கொடுத்தால், அதைப் பயிற்சி என்று வாதாடுவது கஷ்டம். சம்பளம் தரவில்லை என்பதும் எப்போதும் தப்பிக்கும் வழியல்ல: 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் ‘தொழிலாளர்’ வரையறையிலேயே ‘ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும்’ என்ற பொருளில் சொற்கள் இருந்தன.

ஒரே ஒரு சட்டம் இந்தக் குழப்பத்தையே வைத்துக்கொள்ளவில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பயிற்சி பெறுபவர், அப்ரண்டிஸ், அல்லது அதுபோல வேறு எந்தப் பெயரில் அழைக்கப்படுபவரும் ‘ஊழியர்’தான் என்கிறது. சம்பளம் இல்லாதவருக்கும் இது பொருந்தும். பணிப்பயிற்சிக்கு வந்த மாணவி புகார் கொடுத்தால், ‘நீ எங்கள் ஊழியர் இல்லையேம்மா’ என்று உள்ளகப் புகார்க் குழு திருப்பி அனுப்ப முடியாது.