பிசிசியன் அசோசியேட்: மருத்துவர் துணையாளர்

பிசிசியன் அசோசியேட் என்பவர் மருத்துவர் அல்லர். நோயாளியிடம் நோய் வரலாற்றைக் கேட்டறிவது, உடலைச் சோதிப்பது, ஆய்வக முடிவுகளைப் படிப்பது, சிகிச்சைத் திட்டம் வகுக்கத் துணைநிற்பது ஆகிய பணிகளை ஒரு மருத்துவரின் மேற்பார்வையில் செய்வதற்கென்றே பயிற்றுவிக்கப்பட்டவர். இங்கிலாந்தில் இப்பணிக்கு வருவோர் பெரும்பாலும் உயிரியல் சார்ந்த பட்டம் ஒன்றை முடித்த பிறகு இரண்டாண்டுப் படிப்பை மேற்கொள்கின்றனர். அமெரிக்காவில் அது ஏறக்குறைய 27 மாதங்கள் நீளும் முதுநிலைப் பட்டப் படிப்பு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அறிவியல் பட்டம் பெற்று, வெளிநாடு சென்று இதைப் படிக்கலாமா என்று எண்ணும் பிள்ளைகளின் வீட்டில் முதலில் எழும் கேள்வி, ‘அதைப் படித்தால் டாக்டரா, இல்லையா?’ என்பதுதான். அக்கேள்விக்குப் பாதிக் காரணம் அந்தப் பெயரே.

பிசிசியன் என்ற சொல்லின் வேர், இயற்கை என்று பொருள்படும் ‘ஃபூசிஸ்’ என்னும் கிரேக்கச் சொல். அது இலத்தீனில் இயற்கையறிவையும் பின்னர் மருத்துவ அறிவையும் குறித்து, பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்தில் மருத்துவருக்குப் பெயரானது. இன்று அச்சொல்லின் பொருள் எல்லா நாட்டிலும் ஒன்றன்று. அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற எவரும் பிசிசியனே. தென்னாப்பிரிக்காவிலோ, இங்கிலாந்தைப் போலவே, அது பொதுவாக உள்மருத்துவ வல்லுநரைக் குறிக்கும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள ஆர். கே. கான் மருத்துவமனையில் ‘உங்களை பிசிசியன் பார்க்க வேண்டும்’ என்று ஒரு பாட்டியிடம் சொன்னால், பெரிய டாக்டரிடம் அனுப்புகிறார்கள் என்றே அவர் புரிந்துகொள்வார். அசோசியேட் என்பதன் வேர், தோழன் என்னும் பொருளுடைய ‘சோசியுஸ்’ என்ற இலத்தீன் சொல். இப்பணியின் பெயரில் அதற்கு முன்பு வழங்கிய அசிஸ்டென்ட் என்பதன் வேர்ப்பொருளோ அருகில் நிற்பவர் என்பது.

தொழிலின் வரலாறே இவ்விரு சொற்களுக்கும் இடையிலான இழுபறிதான். 1965-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவர், கடற்படையில் மருத்துவப் பணி செய்து திரும்பிய நால்வரைக் கொண்டு முதல் வகுப்பைத் தொடங்கியபோது, பெயர் பிசிசியன் அசிஸ்டென்ட். இங்கிலாந்து அதே பெயரில் தொடங்கிப் பின்னர் அசோசியேட்டுக்கு மாறியது. இத்தொழிலினரின் அமெரிக்கச் சங்கமும் 2021-இல் அசோசியேட் என்ற பெயரை ஏற்க வாக்களித்தது. ஆயினும் அங்குள்ள பெரும்பாலான மாநிலச் சட்டங்களில் பழைய பெயரே நிலைக்கிறது. இங்கிலாந்தில் 2024 டிசம்பரில் மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் பொது மருத்துவ மன்றத்தின் ஒழுங்குமுறைக்குள் இப்பணி வந்தது. இப்பணி குறித்து அரசு கோரி அடுத்த ஆண்டு ஜூலையில் வெளியான லெங் ஆய்வறிக்கை, தம்மைப் பார்ப்பவர் மருத்துவரா என நோயாளிகள் குழம்புவதைச் சுட்டி, மீண்டும் அசிஸ்டென்ட் என்றே அழைக்கப் பரிந்துரைத்தது.

தென்னாப்பிரிக்கா இச்சிக்கலில் பாதியைத் தவிர்த்துவிட்டது. இங்கு 2008-இல் தொடங்கிய பயிற்சியின் பெயரில் பிசிசியன் என்ற சொல்லே இல்லை. கிளினிக்கல் அசோசியேட் என்றே வைத்தார்கள். கிளினிக்கல் என்பதன் வேர், படுக்கையைக் குறிக்கும் ‘கிளினே’ என்ற கிரேக்கச் சொல்; ஆகவே பெயரின் வேர்ப்பொருள் நோயாளியின் படுக்கையருகில் துணைநிற்பவர் என்றாகும். பொருத்தமான பெயர்தான். ஆனால் இது பட்டமேற்படிப்பு அன்று, பள்ளியிறுதிக்குப் பின் படிக்கும் மூன்றாண்டு இளநிலைப் பட்டம். விட்வாட்டர்ஸ்ராண்ட், பிரிட்டோரியா, வால்டர் சிசுலு ஆகிய பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. டர்பன் மாணவர் இதற்காக ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா, உம்தாத்தா ஆகிய ஊர்ப்பக்கம்தான் செல்ல வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளில் மருத்துவர் பற்றாக்குறையை ஈடுகட்டவே இப்பணி உருவானது. காயத்துக்குத் தையல் போடுவதும், முதுகுத்தண்டு நீர் எடுப்பதும், ஆண்களுக்கான சுன்னத்து அறுவையும் இவர்களின் அன்றாட வேலைகளில் அடங்கும்.

இனித் தமிழ்ப் பெயர். தமிழில் கூட்டுச்சொல்லின் கடைசிச் சொல்லே ஆளை அடையாளம் காட்டும். ‘இணை மருத்துவர்’ என்றாலும் ‘துணை மருத்துவர்’ என்றாலும் அவர் ஒரு மருத்துவரே என்று பொருளாகிவிடும். இணைப் பேராசிரியர் பேராசிரியர்களில் ஒரு படிநிலை என்று பழகிய காதுக்கு, இணை மருத்துவரும் மருத்துவர்களில் ஒரு படிநிலையாகவே கேட்கும். லெங் அறிக்கை சுட்டிய அதே குழப்பத்தை நாமே தமிழில் உண்டாக்கியதாகும். ‘மருத்துவ உதவியாளர்’ என்பதில் வேறொரு இடர் உண்டு: சக்கர நாற்காலியைத் தள்ளுபவரையும் இரத்த அழுத்தம் பார்த்து எழுதிவைப்பவரையும் நாம் அப்படித்தான் அழைக்கிறோம். அதை ‘மருத்துவர் உதவியாளர்’ என ஓரெழுத்துக் கூட்டி எழுதினால், உதவி மருத்துவருக்கு என்பது தெளிவாகும். பிசிசியன் அசிஸ்டென்ட் என்பதற்கு அதுவே சரியான சொல்.

அசோசியேட்டுக்கு நான் பரிந்துரைப்பது ‘மருத்துவர் துணையாளர்’. சோசியுஸ் என்பதன் தோழமைப் பொருள் ‘துணை’யில் அப்படியே இருக்கிறது, சொல்லின் தலை மருத்துவர் அல்லர், துணையாளர் என்பதும் வெளிப்படை. ‘துணைவர்’ என்று சுருக்கினால் வாழ்க்கைத்துணை என்ற நினைப்பு வரும் என்பதால் அதை விலக்குகிறேன். உள்நாட்டு கிளினிக்கல் அசோசியேட்டுக்கு ‘சிகிச்சைத் துணையாளர்’ பொருந்தும்.

பழந்தமிழிலும் இத்தகைய ஒருவருக்கு இடம் இருந்தது. திருக்குறளின் 950-ஆம் குறள் மருத்துவத்தின் நான்கு கூறுகளாக உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் ஆகியவற்றை எண்ணுகிறது. ‘உழை’ என்பது பக்கம். உழைச்செல்வான் பக்கத்திலிருந்து மருந்தைப் பிழையின்றிக் கொடுப்பவன். அசிஸ்டென்ட் என்பதன் அருகுநிலைப் பொருளுக்கு இவ்வளவு நெருங்கிய சொல் வேறு இல்லை. எனினும் இன்று அச்சொல்லைச் செவிலியர் என்றே பலரும் விளங்கிக்கொள்கின்றனர், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கோ அது முற்றிலும் விளங்காது; ஆதலால் சொல்லின் அழகை ரசித்துவிட்டு நகர வேண்டியதுதான்.

‘பட்டமேற்படிப்பு’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. ‘முதுநிலை மருத்துவப் படிப்பு’ என்று எழுதினால், எம்.டி., எம்.எஸ். போல மருத்துவர் மேலும் பயிலும் வல்லுநர் படிப்பாகத் தமிழ்நாட்டு வாசகர் கொள்வார். ‘மருத்துவர் துணையாளர் பட்டமேற்படிப்பு’ என்றால் அந்த ஐயம் எழாது. சான்றிதழ்களிலும் விண்ணப்பங்களிலும் அந்நாட்டுச் சட்டப் பெயரை ஒலிபெயர்ப்பாக முதலில் எழுதி, தமிழ்ப் பெயரை அதன் பக்கத்தில் சேர்ப்பது பாதுகாப்பானது.