மூக்கில் அப்பிய களிமண்

சூலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் சோளம் அறுத்ததும் நல்ல தட்டாக, அதாவது சோளத் தண்டாக, ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வேன். அதுதான் விமானத்தின் உடம்பு. டிவி வந்த பெட்டியின் தெர்மாகோலைப் பிளேடால் அறுத்தால் இறக்கையும் வாலும் தயார். வீசினால் நாலு முழம் போகும், தலையைத் தூக்கும், அந்தரத்தில் ஒரு நொடி நிற்கும், பொத்தென்று விழும். இறக்கையைப் பெரிதாக்கினேன். அப்போதும் அதே கதைதான்.

அப்புச்சி வாய்க்காலிலிருந்து சுண்டைக்காய் அளவு களிமண் எடுத்து மூக்கில் அப்பினார். "இப்ப வுடு சாமி." களத்தைத் தாண்டிப் போய் வேலியில் சொருகிக்கொண்டது.

கனம் கூடினால் பறக்குமா? கனம் எங்கே கூடுகிறது என்பதுதான் விஷயம். விமானத்தை விரல்மேல் வைத்தால் சாயாமல் நிற்கும் இடம் எடைப்புள்ளி. அது இறக்கைக்கு ரொம்பப் பின்னால் போய்விட்டால், காற்று மூக்கைக் கொஞ்சம் தூக்கினாலும் இறக்கை அதை இன்னும் தூக்கிவிடும். காற்றுக்கு எதிரே இறக்கை சுமார் 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால், மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்ந்துகொள்ளும், தூக்குவிசை சரியும். நான் பார்த்த அந்த ஒரு நொடி இதுதான்.

களிமண் எடைப்புள்ளியை முன்னுக்கு இழுத்தது. சரி, மூக்கு குப்புறக் கவிழாதா? அதற்குத்தான் வால். அதன் முன்விளிம்பைத் துளி தாழ்த்தி ஒட்டினால் காற்று வாலைக் கீழே அமுக்கும். விமானம் குப்புறப் பாய்ந்தால் வேகம் கூடும், அமுக்கமும் கூடும், மூக்கு நிமிரும். வேகம் குறைந்தால் அமுக்கம் குறைந்து மூக்கு தாழும், வேகம் திரும்ப வரும். ஓட்டுவதற்கு ஆளே வேண்டாம்.

1871-ல் ஆல்ஃபோன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் ரப்பர் முறுக்கிப் பறக்கவிட்ட குட்டி விமானம் 11 நொடி பறந்ததும் இந்தச் சூட்சுமத்தால்தான். ரைட் சகோதரர்கள் பறக்க இன்னும் 32 வருடம் இருந்தது. நாங்களும் சைக்கிள் ட்யூபைக் கீறி முறுக்கிப் பார்த்தோம், தட்டுதான் ஒடிந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் களிமண்ணும் உதவாது, விமானம் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில்தான் கிடக்கும்.

இப்போது சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து தேஜஸ் போர் விமானம் கிளம்புகிறது. அதற்குச் செங்குத்து வால் மட்டும்தான், கிடைவாலே கிடையாது. சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காக எடைப்புள்ளியையும் வேண்டுமென்றே பின்னுக்கு வைத்திருக்கிறார்கள். சும்மா விட்டால் என் சோளத்தட்டு விமானம் மாதிரித்தான் தலையைத் தூக்கும். கணினிதான் நொடிக்குப் பல தடவை இறக்கையின் பின்மடிப்புகளை அசைத்து அதை அடக்கிவைக்கிறது.