எல்லா டூயட்டுக்கும் ‘தேர்ட்’ போட்டால் போதுமா?

ஆண்டு விழா நெருங்கினால் போதும், ரெக்கார்டர் என்னும் ஊதுகுழலில் இருவர் சேர்ந்து வாசிக்கும் டூயட் நோட்டேஷன்கள் என்னிடம் சரிபார்க்க வந்துவிடும். முக்கால்வாசியும் ஒரே மாதிரி. மெலடி முதல் ரெக்கார்டருக்கு. அதையே ஒரு தேர்ட் (அந்த ஸ்வரத்தையும் சேர்த்து எண்ணினால் ஸ்கேலில் மூன்றாவது ஸ்வரம்) கீழே இறக்கி இரண்டாவது ரெக்கார்டருக்கு. முதல் பாரிலிருந்து (பார் என்பது தாளக் கட்டம்) கடைசி பார் வரை இதேதான். இந்த வாரம் வந்தது பீட்டில்ஸின் 1965-ஆம் ஆண்டுப் பாட்டான ‘யெஸ்டர்டே’. வாசித்த இரண்டு பிள்ளைகளும் தாங்கள்தான் தப்பாக வாசிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். தப்பு தாளில் இருக்கிறது, பிள்ளைகளிடம் இல்லை.

தேர்ட் போட்டால் எப்போதும் இனிமைதான் என்ற நம்பிக்கையை தயவுசெய்து விடுங்கள். இந்தப் பாட்டின் இரண்டாவது பாரைப் பாருங்கள். எஃப் மேஜர் ஸ்கேலில் அமைந்த பாட்டு, மெலடி ஏ, பி, சி ஷார்ப் (சி-க்கு அரை ஸ்வரம் மேலே), டி, ஈ, எஃப் என்று ஏறுகிறது. அடியில் கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஈ மைனர் செவன்த்தில் தொடங்கி, ஏ செவன்த் வழியாக டி மைனருக்குப் போகிறது. எஃப் மேஜர் ஸ்கேலை மட்டும் வைத்துக்கொண்டு தேர்ட் போட்டால், மெலடியின் ஈ-க்குக் கீழே சாதா சி வந்து விழும். ஏ செவன்த்துக்கு உயிரே சி ஷார்ப். மெலடி அதை இப்போதுதான் வாசித்துவிட்டுப் போயிருக்கிறது. உடனே சாதா சி கேட்டால் காது சுளிக்காதா? பக்கத்தில் பியானோவும் இல்லை, கிடாரும் இல்லை. கோர்ட் மாறுவதை அந்த இரண்டாவது வரிதான் சொல்லியாக வேண்டும். அங்கே இரண்டாவது வரியை ஆல்ட்டோவுக்கு (சற்றுப் பெரிய, ஓசை தாழ்ந்த ரெக்கார்டர்) ஈ, ஏ, டி என்று பாஸ் நடையாக (கோர்ட்டுக்கு அடித்தளமான ஸ்வரங்களாக) கொடுத்துப் பாருங்கள். மூன்றே ஸ்வரம், பாட்டு அடையாளம் தெரிந்துவிடும். ஆல்ட்டோவின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் எஃப் என்பதால் ஈ-யை மேலே வைத்து, ஏ-க்கு இறங்கி, டி-க்கு ஏற வேண்டும்.

தேர்ட் பொருந்தும் இடத்திலும் இன்னொரு சங்கதி உண்டு. இரண்டு சோப்ரானோக்கள் (பள்ளிகளில் வழக்கமான சிறிய ரெக்கார்டர்) சி, ஈ என்று நீட்டிப் பிடித்தால் காதுக்குள் மூன்றாவதாக ஒரு ரீங்காரம் கேட்கும். சுருதி பார்க்கும் ட்யூனர் காட்டும் கணக்கில் சி 1046 ஹெர்ட்ஸ், ஈ 1318. கேட்பது இரண்டின் வித்தியாசமான 272. அது சி-யும் இல்லை, சி ஷார்ப்பும் இல்லை. ட்யூனரில் பச்சை விளக்கு எரிந்தும் கரகரப்பது இதனால்தான். ஈ வாசிப்பவர் ஊதலைத் துளி தளர்த்தினால் ரீங்காரம் சி-யில் போய் உட்காரும். ட்யூனரை அணைத்துவிட்டுக் காதால் சேர்க்கப் பழக்குங்கள்.

அப்புறம், இந்தப் பாட்டின் சரணம் ஏழு பார். எட்டாக இழுத்து ‘சரிசெய்யாதீர்கள்’. மென்மை வேண்டும் என்று தாளில் குறித்தால் மட்டும் போதாது. மெதுவாக ஊதினால் சுருதி இறங்கும். அதற்குப் பதில் இரண்டாவது வரிக்கு ஓய்வு கொடுங்கள், ஓசை தானாகக் குறையும். ஒருவரிடம் ஜெர்மன் ஃபிங்கரிங் ரெக்கார்டரும் மற்றவரிடம் பரோக் ஃபிங்கரிங் ரெக்கார்டரும் இருந்தால் சோப்ரானோவில் எஃப்-க்கு விரல் வைப்பதே வேறு. ஒத்திகைக்கு முன்னால் பார்த்துவிடுங்கள். மூச்சு எடுக்கும் இடத்தை இரண்டு வரிகளிலும் குறியுங்கள், ஒரே இடத்தில் அல்ல.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இது காப்புரிமை உள்ள பாட்டு. உங்கள் நோட்டேஷனை விற்பதற்கோ இணையத்தில் ஏற்றுவதற்கோ முன்னால் பதிப்பாளரிடம் அனுமதி கேளுங்கள்.