சித்திரைத் தக்காளி ஏன் பூவோடு நின்றுவிடுகிறது?

சென்னையில் மாடித்தோட்டம் போட்டவர்களிடம் ஆண்டுதோறும் கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. மாசியில் நட்ட தக்காளி சித்திரையில் இடுப்பளவு வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பூவெல்லாம் காம்போடு தரையில் கிடக்கும். உடனே மீன் அமிலம், பஞ்சகவ்யம், தேமோர்க் கரைசல் என்று ஊட்டக் கரைசல்களின் தெளிப்பு தொடங்கிவிடும். தேமோர்க் கரைசல்மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் இந்தப் பூக்கள் பசியால் உதிரவில்லை.

தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. பகலில் வெயிலும் இரவில் குளிரும் அதற்குப் பழக்கம். இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நன்றாகக் காய்ப்பிடிக்கும். 21, 22 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான ரகங்களில் காய்ப்பிடிப்பு குறையத் தொடங்கும். சென்னையில் தை மாத இரவு சுமார் 21 டிகிரிக்கு இறங்குகிறது. கத்திரி வெயில் காலத்திலோ இரவிலேயே 28 டிகிரி.

பழுது நடக்கும் இடம் மகரந்தம். பூ விரிவதற்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்பே, மொட்டுக்குள் மகரந்தத்தூள் உருவாகிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துகளும் தன் பயணத்துக்கான மாவுச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும் நேரம் அது. அப்போது வெப்பம் மிகுந்தால் கட்டுச்சோறு குறைந்த துகள்களே மிஞ்சுகின்றன. பல முளைப்பதே இல்லை. கருவுறாத பூவைச் செடி உதிர்த்துவிடுகிறது. அதாவது இன்று கீழே விழுந்த பூவின் தலையெழுத்து போன வாரத்து இரவுகளில் எழுதப்பட்டது. இன்று தெளிப்பதால் அதை மாற்ற முடியாது.

நிழல்வலை கட்டினால்? பகல் வெயில் தணியும், இலை கருகாது. ஆனால் இரவுக் காற்றை வலை குளிர்விக்காது. போதாததற்கு, பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவில் அந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. பைகளைச் செங்கல் மேலோ இரும்புத் தாங்கி மேலோ தூக்கி வைத்தால் வேர் பிழைக்கும். பூவுக்கு அது போதாது. கோடையில் கோயம்பேட்டுக்குத் தக்காளி கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் வருவதில் வியப்பில்லை. இரண்டும் மேட்டுநிலம், இரவில் குளிரும் ஊர்கள். ஆகவே சமவெளி மாடியில் தக்காளி நாற்றை ஆவணி, புரட்டாசியில் விடுவதே புத்திசாலித்தனம்.

அப்போதும் ஒரு சிறு உதவி தேவைப்படலாம். தக்காளிப் பூவின் மகரந்தம் குழல் போன்ற பையின் உள்ளே அடைபட்டிருக்கும், அதிர்ந்தால்தான் கொட்டும். தச்சன் வண்டு பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரித்து அதை உலுக்கும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வண்டு வராத நான்காவது மாடியில், காலை வேளையில் பூங்கொத்தை விரலால் சுண்டிவிட்டால் போதும்.

அவரையின் கதை வேறு. அதற்கும் இரவுதான் முக்கியம், ஆனால் வெப்பமல்ல, நீளம்: இரவு நீண்டால்தான் அது பூக்கும். கொடி அவரையைத் தையில் விதைத்தால் பந்தல் முழுக்க இலையாகப் படர்ந்து, பூவே இல்லாமல் மாதக்கணக்கில் ஏமாற்றும். ஆடியில் விதைத்தால் மழைக்காலத்தில் படர்ந்து, மார்கழியில் பூத்து, பொங்கலுக்குக் காய் தரும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்றவர்களிடம் கடிகாரம் இல்லை; கொடியிடம் இருந்தது.

இதைச் சோதித்து அறிந்தவர்கள் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும். கோடை முழுவதும் பூக்காமல் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்த ஒரு புகையிலை ரகத்தை அவர்கள் தினமும் சில மணி நேரம் இருட்டறையில் வைத்துப் பகலைச் சுருக்கினார்கள். செடி பூத்தது. 1920இல் முடிவை வெளியிட்டார்கள். 1938இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியை வைத்து இன்னொரு திருப்பத்தைக் காட்டினார்கள்: செடி பார்ப்பது பகலின் நீளத்தை அல்ல, இடையறாத இருளின் நீளத்தை. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கு எரிந்தாலே பூப்பு நின்றுவிடுகிறது. இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி அந்த ஒளியை உணர்கிறது.

சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். அந்தச் சிறு வித்தியாசமே அவரைக்குப் போதும். தண்ணீர்த்தொட்டி அருகே விடியவிடிய எரியும் விளக்குக்குக் கீழே அவரைப் பந்தல் போடாதீர்கள் என்பேன். ஆண்டு முழுவதும் அவரை வேண்டுமென்றால் குத்து அவரை இருக்கிறது. அந்த ரகங்கள் இரவின் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை. சுவை கொடி அவரைக்கு ஈடாகாது என்பது என் நாக்கின் தீர்ப்பு.

அப்படியானால் பங்குனி, சித்திரையில் மாடி வெறுமையாகக் கிடக்க வேண்டுமா? வேண்டாம். வெண்டை, கொத்தவரை, கத்தரி ஆகியவை வெப்பத்தைத் தாங்கும். முளைக்கீரையும் தண்டுக்கீரையும் தாங்குவதோடு நிற்காமல் செழிக்கவும் செய்யும். பெரும்பாலான செடிகளில், கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதி சூடு ஏறினால் தடுமாறி ஆக்சிஜனைப் பிடித்து உழைப்பை வீணாக்குகிறது. கீரைத்தண்டு, கரும்பையும் சோளத்தையும் போல, கரியமில வாயுவை முதலில் செறிவாக்கி அந்த நொதியிடம் ஊட்டுகிறது. விதைத்த மூன்று, நான்கு வாரங்களில் முளைக்கீரையைப் பிடுங்கிவிடலாம். வாரம் ஒரு பை வீதம் விதைத்து வந்தால் ஆண்டில் கீரையில்லாத வாரமே இராது. கொட்டும் மழை மட்டும் நாற்றைச் சாய்த்துவிடும்.

பழத்தில் எனக்குப் பிடித்தது கொய்யா. விதையிலிருந்து வளர்த்தால் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். பதியன் செடியோ காய்த்துப் பழகிய மரத்தின் கிளையே என்பதால், தொட்டியில் வைத்த சில மாதங்களிலேயே பூக்கத் துணிந்துவிடும். அதைவிட வசதி, கொய்யா புதுத் தளிரில் பூக்கும் மரம். நுனியை வெட்டினால், பக்க மொட்டுகளை அடக்கிவைத்திருந்த ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் வரத்து நிற்கிறது. அடங்கிக் கிடந்த மொட்டுகள் தளிர்க்கின்றன, தளிரோடு பூவும் வருகிறது. பூத்த நாலைந்து மாதங்களில் பழம். இரண்டு தொட்டி இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் கவாத்து செய்யாமல், ஒன்றை வைகாசியிலும் மற்றொன்றைப் புரட்டாசியிலும் வெட்டுங்கள். வெட்டிய தேதியைத் தொட்டியின் பக்கத்திலேயே சாக்பீஸால் எழுதி வைப்பது நல்லது. மழை அழித்தால் மறுபடி எழுதிக்கொள்ளலாம்.