வைஸ்: துணையும் இல்லை, இடுக்கியும் இல்லை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் பழைய ராணுவக்காரர். உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறார். பொருளை அசையாமல் கவ்விப் பிடிக்கும் பட்டறைக் கருவிதான் வைஸ். துப்பாக்கியைத் துடைக்க வீட்டிலேயே மரத்தில் வைஸ் செய்துகொள்ளும் காணொளி ஒன்றைக் காட்டினார். கீழே ஓடிய தமிழ்: 'இப்போது துப்பாக்கித் துணையை இறுக்குங்கள்.' வைஸ் பிரசிடென்ட் துணைத்தலைவர் என்பதால் பட்டறை வைஸும் துணையாம்! படத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான் வரும். ஆங்கிலத்தில் தீய பழக்கமும் வைஸ்தான் என்பதால், இன்னொன்றில் 'தீயொழுக்கம்' என்றே கண்டிருக்கிறேன்.

மூன்றுக்கும் வேர் வேறு. பட்டறை வைஸ், கொடியைக் குறிக்கும் 'வீட்டிஸ்' என்ற லத்தீன் சொல்லில் முளைத்தது. திராட்சைக் கொடியின் பற்றுக்கம்பி சுருளுமே, அந்தச் சுருள்தான் திருகாணிக்குப் பெயரானது. புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவரைக் கேளுங்கள்: 'வீஸ்' என்றால் இன்றும் திருகாணிதான், வைஸுக்கு 'எத்தோ'. ஆங்கிலேயர் திருகாணியின் பெயரைக் கருவிக்கே சூட்டிவிட்டார்கள். அமெரிக்கர் எழுத்தில் 'சி'யை 'எஸ்' ஆக்கிக் குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். நமக்குத்தான் தீரவில்லை.

துணையைச் சிரித்துத் தள்ளலாம். எனக்கு எரிச்சல் தருவது 'இடுக்கி'. படித்தவர்களே எழுதுகிறார்கள். அடுப்பிலிருந்து பால் பாத்திரம் இறக்குவது இடுக்கி. முள் எடுப்பதும் இடுக்கி, காகிதத்தைக் கவ்வும் கிளிப்பும் இடுக்கி. இத்தனை சுமையோடு இதையும் ஏற்றினால் அந்தச் சொல் என்ன ஆகும்? பால் இறக்கும் இடுக்கி கையை விட்டால் விட்டுவிடும். வைஸ் கையை எடுத்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. 'இறுக்கி' என்பாரும் உண்டு. அதுவும் ஆகாது. வேட்டைத்துப்பாக்கியின் குழல் பார்க்கத்தான் முரடு, சுவர் மெல்லியது. இரும்பு வைஸில் கொடுத்து, பெயருக்கேற்ப ஒரு சுற்று கூடுதலாகத் திருகினால் நசுங்கிப் போகும்.

எதிர்வீட்டுக்காரர் செய்தது எளிது. ஒரு பலகை. முன்னால் 'வி' போல வெட்டிய தாங்குகட்டை, அதில் பழைய ராணுவக் கம்பளித் துண்டு. பின்னால் இரண்டு மரத்துண்டுகள், ஒன்று அசையாது, ஒன்று போல்ட்டைத் திருகினால் நெருங்கும். துப்பாக்கியின் அடிக்கட்டையைக் கவ்வும் பக்கத்தில் தோல். துப்பாக்கியை மடக்கி, இரண்டு குழலும் காலி என்று விரல் விட்டே பார்த்தார். பிறகு பொருத்திவிட்டு, இரண்டு கையாலும் கம்பி பிடித்துக் குழலைத் துடைத்தார்.

இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: கொடிறு. 'கொடிறுடைக்கும் கூன்கையர்' என்று குறள் சொல்லும்போது அது தாடை. திருவாசகத்தில் 'கொடிறும் பேதையும் கொண்டது விடாது' என்னும்போது அது பற்றுக்குறடு. தாடையும் பிடியும் ஒரே சொல்லில்! அந்த வரியைப் பாடிய மாணிக்கவாசகர் இறைவனோடு கலந்த தில்லையும் நம் மாவட்டம்தான். கொடிறும் அன்று கைக்கருவிதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் இன்று அது வேறெந்த வேலையும் இல்லாமல் சும்மா கிடக்கிறது. 'கொண்டது விடாது' என்ற குணமும் சொல்லோடு வருகிறது. மேசையில் பூட்டியது பட்டறைக் கொடிறு, இவர் செய்தது துப்பாக்கிக் கொடிறு. பட்டறைப் பையன்கள் வைஸ் என்றே சொல்லட்டும், சண்டையில்லை. தமிழில் எழுத உட்கார்ந்தவர்களிடம்தான் என் வழக்கு.

"கொடிறா, கொடுக்கா?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர். நேற்றுப் பார்த்தால் பலகை ஓரத்தில் பென்சிலால் 'கொடிரு' என்று எழுதியிருக்கிறார். பெரிய 'று' போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.